கூவி வாய் திறக்காத திங்கட்கிழமை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். கதவோரம் நிற்கிறவரும் வாருங்கள், இடம் இருக்கிறது. இதைக் கத்திச் சொல்ல முடியாது. நெஞ்சு படபடக்கிற கதை, மெதுவாய்ச் சொன்னால்தான் சரிப்படும்.

கடற்கரையில் ஒரு கட்டடம். ஒரே அறை. உள்ளே எந்நேரமும் ஏசி இரைந்துகொண்டிருக்கும். மீனவர் சங்கத்தின் சர்வர்கள் அங்கேதான் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். பலத்த காற்று வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று வானிலைக்காரர்களிடமிருந்து எழுத்தில் செய்தி வரும். அதை ஒரு புரோகிராம் பேச்சாக மாற்றி, கரையோரம் பதினோரு ஊரிலும் கம்பத்தில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் பேசும். கடலுக்குப் போகிறவன் இரண்டு கையிலும் வலையும் கயிறுமாய் நிற்பான். போனை எடுத்துப் படித்துக்கொண்டா இருப்பான்? காதில் விழுந்தால் போதும், வள்ளத்தைத் திரும்ப இழுத்துக் கட்டிவிடுவான்.

அந்தப் புரோகிராமுக்குக் கூவி என்று பெயர். பெயர் வைத்தது ஆக்னஸ் டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர், அதனால் ஊருக்கே டீச்சர். சர்வர்கள் அவர் பொறுப்பு.

அவரிடம் வேலை பழக வந்தவர் டெரன்ஸ். குருவை விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த சிஷ்யர்! பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். மூளைக்காரர். கீபோர்டில் அவர் விரல் ஓடுவதைப் பார்க்கவே சங்கத்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

வந்த புதிதில் டெரன்ஸ் கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். இருக்கிறதத் தேடிக் கண்டுபிடிச்சிரலாம். இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டீச்சர் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லாம யாரு தவிப்பாங்களோ, அவங்ககிட்டக் கேளுங்கண்ணே."

"புரியலயே டீச்சர்."

"கிழங்கு சாப்பிடுங்க."

அவர் கேட்டது எதைப் பற்றி என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எந்தப் புரோகிராமும் தனியாய் வேலை செய்யாது. கல்யாண வீட்டுக்குச் சமையல் மாஸ்டர் வருகிறார். கை மட்டும்தான் கொண்டுவருவார். அண்டாவும் கரண்டியும் நாம்தான் எடுத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் அவர் என்ன செய்வார், கையாலா சோற்றைக் கிண்டுவார்? புரோகிராமுக்கும் அப்படிச் சில சாமான்கள் வேண்டும். துணைகள் என்பார்கள். கூவிக்கும் துணைகள் உண்டு. எழுத்தைப் பேச்சாக்குவது ஒன்று, பேச்சை ஊர்களுக்கு அனுப்புவது ஒன்று, இப்படி. அதில் ஒன்று இல்லாமல் போனால் எப்படித் தெரியும் என்பதுதான் அவர் கேள்வி.

உப்புக்காற்றில் பழைய சர்வர் அரித்துப்போய்ப் புதுசு ஒன்று வாங்கினார்கள். கூவியை அதற்குக் குடிமாற்றுகிற வேலை டெரன்ஸ் கைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தார். அந்தக் கரையில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், எல்லாரும் பூசைக்குத்தான் போவார்கள். நல்ல நாள் பார்த்துத்தான் செய்தார்.

குடிமாற்றியதும், துணைகள் எல்லாம் வந்துசேர்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதினார். அது துணைகளை ஒவ்வொன்றாய்த் தேடும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

பூசை முடிந்து டீச்சர் வந்தார்.

"எல்லாம் இருக்காண்ணே?"

"பச்சைப் பசேல்னு இருக்கு. நானே பேசவச்சும் கேட்டுட்டேன். 'அன்பான மீனவர்களே'ன்னு கணீர்னு சொல்லுது."

"கம்பத்துலயா?"

"இங்க, இந்தக் குட்டி ஸ்பீக்கர்ல. கம்பத்துல விட்டிருந்தா பூசைக்கு நடுவுல அலறியிருக்கும். சாமியார் என்னையச் சும்மா விடுவாரா?"

டீச்சர் சிரித்தார். பிறகு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. மாதா காப்பாத்தட்டும்."

"மிஷினுக்கு மாதா எதுக்கு டீச்சர்?"

"மிஷினுக்கு இல்லண்ணே."

மறுநாள் திங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் சூறைக்காற்று, யாரும் கடலில் இறங்க வேண்டாம். கூவி செய்தியை வாங்கியது. திரையில் பதினோரு ஊருக்கும் நேரே பச்சை விழுந்தது. 'அனுப்பியாச்சு' என்று எழுதிக் காட்டியது.

டெரன்ஸ் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் போனை எடுத்தார். கூவி பேசின ஒவ்வொரு தடவையும் கம்பத்தடியில் இருக்கிற யாரையாவது கூப்பிட்டுக் கேட்பது அவர் வழக்கம்.

"திரைதான் சொல்லுதே டீச்சர், பிறகு என்னத்துக்குப் போன்?" என்றார் டெரன்ஸ்.

"திரை கடலுக்குப் போகலையேண்ணே." சொல்லிவிட்டுப் போனின் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் ஞானப்பூ, கம்பத்தடியில் வடை போடுகிறவள்.

"அக்கா, ஒலிபெருக்கி பேசிச்சா?"

"என்னத்தப் பேசிச்சு? கொர்ருன்னு கொஞ்ச நேரம் இரைஞ்சிச்சு. காக்கா உக்காந்து கொத்துதுன்னுல்லா நெனச்சேன்."

"பேச்சு ஒண்ணும் வரலயா?"

"பேச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன், என்ன விசயம்?"

"காத்து வருதுக்கா. வள்ளமெல்லாம் எங்க நிக்கி?"

"தள்ளப் போறாவ. ரோச்சு வள்ளம் அப்பவே போயிருச்சே!"

டெரன்ஸ் கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. ரோச் யார் தெரியுமா? அவர் மனைவியின் கடைசித் தம்பி. தாய் செத்தபிறகு அக்காள்தான் தூக்கி வளர்த்தாள். அந்த வீட்டில் ரோச் தம்பி இல்லை, பிள்ளை.

"அக்கா, நிக்கிறவங்களப் போகவிடாதீங்க. கத்துங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பினார். திரையைப் பார்த்துக்கொள்ளவும் போன் எடுக்கவும் அங்கே பணியில் இருந்த பெண் பெனிட்டா எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

"பெனிட்டா, ஒவ்வொரு ஊரா போன் போடு. கோயில் மணிய அடிக்கச் சொல்லு, நிறுத்தாம அடிக்கச் சொல்லு."

பூசை இல்லாத நேரத்தில் மணி அடித்தால் கரையில் எல்லாரும் என்னமோ ஏதோ என்று ஓடிவருவார்கள். பெனிட்டா நம்பர்களைத் தட்ட ஆரம்பித்தாள்.

டெரன்ஸ் கீபோர்டில் விழுந்தார். சோதனையை ஓட்டினார். பச்சை. மறுபடி ஓட்டினார். மேலிருந்து கீழ்வரை பச்சை.

"எல்லாம் இருக்கு டீச்சர்! பாருங்க, எல்லாத் துணையும் இருக்கு! பின்ன ஏன் பேசமாட்டேங்குது?"

பேசச் சொல்லி ஒரு கட்டளை போட்டார். அறைக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கர் கணீரென்று ஆரம்பித்தது. "அன்பான மீனவர்களே..." கேட்க அங்கே ஒரு மீனவனும் இல்லை. ஏசிக் குளிரில் அந்தக் குரல் அத்தனை அன்பாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது, கடலுக்குப் போகாதீர்கள் என்று. டெரன்ஸ் காதைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே," என்றார் டீச்சர். "இப்பப் பேசுறது யாரு?"

"கூவி."

"நீங்க யாரா உள்ள போயிருக்கீங்க?"

"யாரான்னா? டெரன்ஸாத்தான்."

"வெளிய வாங்க. கூவியா உள்ள போங்க. போயி, இதையே கேளுங்க."

ஒரு சர்வருக்குள் ஆளாளுக்கு ஒரு அறை உண்டு. டெரன்ஸுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று. கூவிக்கும் ஒன்று. கூவி மனுசன் இல்லைதான், ஆனாலும் அது தன் பெயரில், தன் அறையில் இருந்துதான் வேலை செய்யும். ஒருத்தர் அறைச் சாமான் இன்னொருத்தர் கைக்கு எட்டாது. எல்லாருக்கும் வேண்டியதைப் பொது இடத்தில் வைக்க வேண்டும்.

டெரன்ஸ் தன் பெயரை விட்டு வெளியே வந்தார். கூவியின் பெயரில் உள்ளே போனார். அதே சோதனையை ஓட்டினார்.

எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. எழுத்தைப் பேச்சாக்குகிற துணை இல்லை.

நடந்தது இதுதான்: சனிக்கிழமை புது சர்வரில் ஒத்திகை பார்த்தபோது டெரன்ஸ் அதைத் தன் அறையில் வைத்தார். பிறகு பொது இடத்துக்கு மாற்ற மறந்தார். அவர் தேடினால் அவருக்குக் கிடைக்கும், கூவி கை நீட்டினால் ஒன்றும் இருக்காது. வாய் இல்லாத கூவி, வெறும் இரைச்சலைப் பதினோரு ஊருக்கும் அனுப்பிவிட்டு 'அனுப்பியாச்சு' என்று எழுதிவைத்திருக்கிறது. பொய்யில்லை பாருங்கள். அனுப்பத்தான் செய்தது.

இனி அதை எடுத்துப் பொது இடத்தில் வைக்க வேண்டியதுதான். சின்ன வேலை. ஆனால் அந்த விரல்கள், ஊரே வேடிக்கை பார்த்த விரல்கள், இப்போது ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்தைத் தட்டின. கட்டளை தப்பு என்றது மிஷின். திரும்பத் தட்டினார். திரும்பவும் தப்பு.

"கை ஓடல டீச்சர். அவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்? என் தம்பி எங்கன்னு கேட்டா?"

டீச்சர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்லச் சொல்ல அடிங்க. ஒரு எழுத்துத்தான். அடிச்சீங்களா? அடுத்தது." ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னார். டெரன்ஸ் ஒற்றை விரலால் அடித்தார். பின்னால் பெனிட்டா ஊர் ஊராய்ப் பேசிக்கொண்டிருந்தாள். "அடிங்கய்யா, மணிய அடிங்க, காரணத்தப் பிறகு சொல்றேன்."

துணை பொது இடத்துக்கு வந்தது. கூவி பெயரில் சோதனை பச்சை காட்டியது. செய்தியைத் திரும்ப அனுப்பினார்கள். திரையில் 'அனுப்பியாச்சு' விழுந்தது. இப்போது டெரன்ஸ் அதைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார். கம்பத்தில் குரல் கேட்டது. நடுவே மணியும் கேட்டது.

கரையில் நின்ற வள்ளங்கள் நின்றபடியே நின்றன. போன வள்ளம்?

காற்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மணல் முகத்தில் அடித்தது. டெரன்ஸ் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு வள்ளம் அலையில் ஏறி இறங்கித் தெரிந்தது. ஆட்கள் தண்ணீரில் இறங்கிப் பிடித்து இழுத்தார்கள். ரோச் தொப்பலாய் நனைந்து, குளிரில் பல்லடித்துக்கொண்டு இறங்கினான். வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அக்காள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

ரோச் டெரன்ஸைப் பார்த்தான்.

"அத்தான், கோயில் மணி நல்லாப் பேசிச்சு. உங்க மிஷினுக்குத்தான் தொண்ட கட்டிருச்சோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெரன்ஸும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அந்த வாரமே சோதனையைத் திருத்தி எழுதினார். இனி அது கூவியின் பெயரில் போய்த்தான் தேடும். கூவி எழும்பும்போதெல்லாம் தேடும், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தேடும். துணை ஒன்று இல்லையென்றால், செய்தி வரும்வரை காத்திருக்காமல் அப்போதே திரையில் எச்சரிக்கை போடும். டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். 'எழுத்து-பேச்சுத் துணை காணப்படவில்லை. பாதையைச் சரிபார்க்கவும்.'

டீச்சர் பெனிட்டாவைக் கூப்பிட்டார்.

"இது சிவப்புல வந்தா நீ என்ன செய்வ?"

பெனிட்டா இரண்டு தடவை படித்தாள். "அண்ணன் வந்ததும் சொல்லுவேன்."

"அண்ணன் மதுரைக்குப் போயிருந்தா?"

"மதுரையில இருந்து வந்ததும் சொல்லுவேன்."

"அதான் தெளிவா எழுதியிருக்கேம்மா!" என்றார் டெரன்ஸ்.

"உங்களுக்குத் தெளிவா இருக்குண்ணே. நான் எந்தப் பாதையைப் போயிப் பார்க்க? கோயிலுக்குப் போற பாதையவா?" என்றாள் பெனிட்டா.

டெரன்ஸுக்குச் சுருக்கென்றது. மறுநாள் எச்சரிக்கை வேறு மாதிரி இருந்தது. 'இப்போது காற்றுச் செய்தி வந்தால் ஒலிபெருக்கி பேசாது. பதினோரு ஊருக்கும் உடனே போன் போட்டுச் சொல்லவும். மணியடிக்க ஆள் நிற்கட்டும். பிறகு டெரன்ஸைக் கூப்பிடவும், அவர் இல்லாவிட்டால் டீச்சரை.' அதற்குக் கீழே, எது இல்லை, அதை எப்படித் திரும்ப வைப்பது என்று சின்ன எழுத்தில். கூடவே அறைக்குள் ஒரு சைரன்.

பெனிட்டா படித்தாள். "இது எனக்குப் போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. நாள்தோறும் பச்சைதான். டெரன்ஸுக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அந்தப் பச்சையை அவரால் நம்ப முடியவில்லை. சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போதே எழுந்து போய்த் திரையைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் டீச்சரிடம் கேட்டே விட்டார்.

"அந்தச் சைரன் சும்மாவே இருக்கு டீச்சர். எல்லாம் நல்லா இருக்கிறதால சும்மா இருக்கா, இல்ல, அதுவே செத்துப்போயிச் சும்மா இருக்கா? அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"போயி ஒழுங்காச் சாப்பிட்டு வாங்கண்ணே."

அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து டெரன்ஸ் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பெனிட்டா. பின்னால் சைரன் அலறுவது கேட்டது.

"அண்ணே, சிவப்பு!"

செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அறைக்குள் நுழைந்தால், பெனிட்டா எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே ஏதோ ஒரு ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாய்யா, ஒலிபெருக்கி பேசாது. மணிகிட்ட ஆள் நிறுத்துங்க... ஞாயித்துக்கிழமைன்னு எனக்கும் தெரியும். நீங்க கடலுக்குப் போறீங்களோ, பிரியாணிதான் திங்கிறீங்களோ, எழுதியிருக்கிறத நான் சொல்லிட்டேன்!"

டெரன்ஸ் கூவியாக உள்ளே போனார். பேச்சுத் துணை வைத்த இடத்தில் இல்லை. அடியோடு இல்லை. எச்சரிக்கையின் கீழே தான் எழுதிவைத்ததையே பார்த்து, அதன்படியே திரும்ப வைத்தார். பச்சை வந்தது. சைரன் நின்றது. அப்போதுதான் மூலையைப் பார்த்தார். அங்கே ஸ்டூலில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இது தானாப் போகல. யாரோ உள்ள வந்து எடுத்திருக்காங்க!"

"நான்தான் எடுத்தேன்."

டெரன்ஸுக்குக் கோபம் வந்தது.

"உசிரே போயிருச்சு டீச்சர்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா, செருப்பப் போட்டுக்கிட்டு வந்திருப்பீங்க."

டெரன்ஸ் குனிந்து தன் காலைப் பார்த்தார். மணலும் ஒரு கிளிஞ்சல் கீறின ரத்தமும் இருந்தன. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரமாயிற்று. பெனிட்டா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுசும் குடித்தார்.

"அப்போ சைரன் உசிரோடதான் இருக்கு," என்றார். "இனிமே நான் பயமில்லாம இருக்கலாமா டீச்சர்?"

"இன்னைக்கு இருக்கலாம்ணே."

டெரன்ஸ் சொம்பைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிக் கோயிலுக்குத் திரும்ப நடந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வள்ளமெல்லாம் கரையில் கிடந்த நேரத்தில், டெரன்ஸ் தனியாக அந்த அறைக்கு வந்தார். பெனிட்டாவிடம் சொல்லவில்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை. மிஷினுக்குள் போய், பேச்சை ஊர்களுக்கு அனுப்புகிற துணையைத் தன் கையாலேயே எடுத்து அப்பால் வைத்தார். பிறகு வெளியே வந்து, கதவுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சைரன் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார்.